மிளகாய் நெடி

பூச்சு உதிர்ந்த சுவரில் ஜன்னல் வெயில் ஒரு கட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொற்றுக் காய்ச்சலோடு தனியறையில் அடைந்து கிடக்கும் பெயிண்டர், பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடிக்கிறார். கண்தான் எரிகிறது, மூக்குக்கு அது வெறும் பச்சைத்தண்ணீர். மூக்கு செத்துப்போனதை அவர் இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே தட்டு வைக்கும் சத்தம். “ஊர்ச் சுவரையெல்லாம் பூசுற மகாராசா, நம்ம வீட்டுச் சுவத்தை இப்பவாவது பாத்தீங்களா?” என்கிறாள் அவள். அவர் சிரிக்க வாயெடுக்கும்போது அந்தப் பக்கம் இருமல் கேட்கிறது. வறண்டு, அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் இருமல், நாலு நாளாய் அவரை வாட்டும் அதே இருமல். “என்னம்மா அது?” “ஒண்ணுமில்லைங்க. மிளகாய் வறுத்தேன், நெடி ஏறிடுச்சு.” காலடி விலகியதும் அவர் கதவைத் திறக்கிறார். தட்டில் வெள்ளைக் கஞ்சியும் உப்பும் இருக்கின்றன. எதிரே அடுப்பு துடைத்து வைத்தபடி இருக்கிறது; வாணலி ஆணியில் காய்ந்து தொங்குகிறது. கூடத்து மூலையில் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, நெருங்கி வரும் மகளை எட்டவே நிற்கும்படி கையைக் காட்டுகிறாள். அவர் தட்டை எடுக்கிறார். கஞ்சி தளும்புகிறது. “ஆமாம்மா,” என்கிறார், “சரியான நெடி. இங்க வரைக்கும் அடிக்குது.” திரும்பாமலே அவள் மெல்லத் தலையாட்டுகிறாள். மகளுக்குக் காட்டிய கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.