அழகுமலையின் கையெழுத்து

"எவன்டா எனக்குப் பதிலாக் கையெழுத்துப் போட்டது?"

பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டிக் கத்தினார் அழகுமலை. அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து அவர் கையெழுத்துதான். இப்போது அவர் பெயருக்கு நேரே, சின்னக் கட்டத்துக்குள், கோணல்மாணலாக ஒரு கோடு.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அனுஷ்கா சிரித்தாள். "கையெழுத்தில்ல தாத்தா, கிராஃபு. எக்செல்ல கட்டத்துக்குள்ளயே போட்டிருக்கேன். பால் கெட்டியா இருக்குற அன்னைக்குக் கோடு ஏறும், தண்ணி கலந்த அன்னைக்கு இறங்கும். இப்படியே இறங்குனா இனிமே உங்க பாலை வாங்க மாட்டாக."

"எல்லாம் இவ வேலை!" தூக்குவாளியோடு நின்ற மனைவி சங்கிலியம்மாளை முறைத்தார். "தண்ணிக் குடத்தைக் கண்டா இவளுக்குக் கை சும்மா இருக்காது."

சங்கிலியம்மாள் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "நாலு எடத்துல பள்ளமாக் கெடக்கே, அதெல்லாம் என்ன கெழமை ஆத்தா?"

"நாலுமே வெள்ளிக்கிழமை, அம்மாச்சி."

"வெள்ளிக்கிழமைன்னா நான் விடியுமுன்னே வீரபாண்டி கோயிலுக்குப் போயிருவேனே! அன்னைக்குப் பால் கறந்து ஊத்துறது யாரு?"

அழகுமலை தாளருகே குனிந்து உற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்பத்தான் ஆத்தா கண்ணுக்குத் தெரியுது. இது என் கையெழுத்தேதான்!"