எதிர்க்கடைக் கம்ப்யூட்டர்

எண்பத்தெட்டில் போடி ஏலக்காய்க் கடைத்தெருவில் இரண்டே கம்ப்யூட்டர்கள்தான் இருந்தன. போடிமெட்டுக்கு ஜீப் ஏறப் போகிறவர்கள்கூட நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டும் எதிரெதிர்க் கடைகள். ஏலத்தில் வந்த சண்டையில் முதலாளிகள் தங்கபாண்டியனும் சத்தியநேசனும் பேச்சை விட்டு மூன்று வருடமாகியிருந்தது.

"என்ன சோலைமலை, எதிர்க்கடை மிஷினு படுத்திருச்சாமே?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார் தங்கபாண்டியன்.

"ஆமாண்ணாச்சி. கணக்கு கூடிப்போச்சு, மெமரி பத்தலை. பழைய மாடலுக்குப் புதுச் சிப்பு சேராது. வேற மிஷினு வாங்க அவருக்கு வசதியில்லை. இதை வித்துட்டு, அதுல வேலை பாக்குற மகளையும் வீட்டோட நிறுத்தப்போறாராம்."

"செல்லக்கனியவா? அந்தப் புள்ள ஆசையாப் படிச்ச சோலியாச்சே."

தங்கபாண்டியன் சாமி படத்தைப் பார்த்தார்.

"என்னோடதும் அதே மாடல்தான? போன வருசம் நீ கூடுதலாப் போட்ட சிப்பைக் கழட்டிக் கொண்டுபோய் அங்க மாட்டு."

"அப்ப உங்க கணக்கு?"

"கையால எழுதிக்கிடுறேன். என் பேரைச் சொல்லாத. மதுரையில பழசு மலிவாக் கிடைச்சதுன்னு சொல்லிரு."

சோலைமலை மிஷினைத் திறந்தார். போன வருடம் தங்கபாண்டியனின் மிஷினுக்காக இதே சிப்பைத் தன் மிஷினிலிருந்து கழற்றிக் கொண்டுபோகச் சொன்னபோது, சத்தியநேசனும் இதையேதான் சொல்லச் சொன்னார்.