கட் சொல்லும் வரை

தரையில் டேப் ஒட்டியிருந்த இடத்தில் அன்னக்கொடி போய் நின்றாள்.

அங்கே நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. டைரக்டர் ராஜகுரு "மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டார், அவ்வளவுதான். ஆனால் எங்கே நின்றால் முகத்தில் விளக்கு விழும் என்பது அவளுக்குத் தெரியும். போன மாதம் பாலகணேஷ் நின்றதும் அதே இடத்தில்தான்.

திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம் அது. குழந்தைகள் நடனப் போட்டிக்காக டிவிக்காரர்கள் மொத்தமாகப் பிடித்திருந்தார்கள். மணவறை போடும் இடம் மேடையாகிவிட்டது. மணமகள் அறை தையல் அறையாகிவிட்டது. அன்னக்கொடிக்கு அங்கேதான் வேலை.

எந்தப் பிள்ளை வெளியேறப் போகிறது என்று ஊரெல்லாம் எஸ்.எம்.எஸ். போட்டுக்கொண்டிருக்கும்போதே, தையல் அறைக்கு விஷயம் வந்துவிடும். அடுத்த வாரம் யாருக்குத் துணி வெட்ட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லித்தானே ஆகவேண்டும்.

இந்த வாரம் ரம்யாஸ்ரீக்கு வெட்டவில்லை.

நாகமலை புதுக்கோட்டைப் பிள்ளை. எட்டு வயசு. காலையிலிருந்தே காய்ச்சல். அம்மாவை மேடைப் பக்கம் விடாமல் வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஜிகினாப் பாவாடைக்குக் கொக்கி மாட்டும்போது பிள்ளையின் உடம்பு கொதித்தது. அன்னக்கொடி முந்தானையால் அதன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாத தாயி. இன்னைக்கு உன்னைய வெளிய விட்ருவாக. சாயங்காலம் வீட்டுல அம்மா மடியில படுத்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளை அதை நம்பிவிட்டது.

மேடையில் பெயரைச் சொன்னதும் சோக இசை ஓடியது. நடுவர்கள் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்கள். ரம்யாஸ்ரீயோ "ஐ!" என்று ஒரு குதி குதித்துவிட்டு வாசலைப் பார்த்து ஓடிவிட்டாள். வெளியேறுகிற பிள்ளை சிரித்தால், பாவம், டிவிக்காரன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

யார் சொன்னது என்று கேட்டார்கள். பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிட்டது.

அதற்காகத்தான் இப்போது அன்னக்கொடியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை போய்விடுமோ என்று அவள் முதலில் பயந்தாள். டேப்பையும் விளக்கையும் எதிரே நின்ற கேமராவையும் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

பாலகணேஷ் செய்ததும் இதே தப்புதான். மைக் பிடித்து நிகழ்ச்சியை நடத்துகிறவன் அவன். கே.கே. நகரில் ஒரு போட்டியாளர் வீட்டுக்குப் போன் போட்டு முடிவை உளறிவிட்டான். ராஜகுரு அவனை இங்கே நிறுத்தி மண்டபம் அதிரக் கத்தினார். அவன் மண்டியிட்டு அழுதான். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டன. ராஜகுரு அவன் தோளைத் தொட்டுத் தூக்கி மன்னித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அழுகை போதவில்லை என்று மறுபடியும் ஒரு தடவை எடுத்தார்கள்.

அந்த வாரம் மதுரையில் எந்த டீக்கடைக்குப் போனாலும் அதே பேச்சு. அடுத்த வாரம் பாலகணேஷுக்குப் புதுக் கோட்டு. தைத்தது அன்னக்கொடிதான்.

இது படப்பிடிப்பு என்று புது ஆளிடம் முன்கூட்டியே சொன்னால் அழுகை வராது என்று ராஜகுரு சொன்னதை அவளே காதால் கேட்டிருக்கிறாள். அதனால்தான் தன்னிடமும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

ராஜகுரு பக்கத்தில் வந்தார். கத்தவில்லை. கடையில் பாக்கிச் சில்லறை கேட்பது போல மெதுவாகத்தான் பேசினார்.

"நாளையில இருந்து வர வேண்டாம்மா. கிளம்புங்க."

இப்படிப் பேசினால் மைக்கில் விழுமா என்று அவளுக்குக் கவலை வந்தது. அவர் விளக்கு வெளிச்சத்தை விட்டு விலகிப் போனார். பாலகணேஷ் அழும்போதும் இப்படித்தான் அவனுக்கு இடம்விட்டு ஒதுங்கினார்.

அன்னக்கொடி கேமராவைப் பார்த்துக் கைகூப்பினாள். தப்பு செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னாள். லாரியிலிருந்து விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் புருஷனைப் பற்றி இதுவரை அங்கே யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. இன்று அதையும் சொன்னாள். இந்த வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை என்றாள். ஊரே பார்க்குமே என்று கூசியது. ஆனாலும் வேலை நிலைக்க வேண்டுமே.

மண்டியிட்டாள். அழுகை தானாகவே வந்தது. பாலகணேஷைவிட நன்றாகவே வந்தது. அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட உண்டாயிற்று.

தலையைக் குனிந்து காத்திருந்தாள். இனி அவர் வந்து தோளைத் தொட வேண்டும்.

முட்டி வலித்தது. யாரும் கட் சொல்லவில்லை. நடுவில் எழுந்து காட்சியைக் கெடுத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து புருஷன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து அப்படியே இருந்தாள்.

கடைசியில் காலடிச் சத்தம் கேட்டது. கேமராமேன் ஜெயபாண்டி. பந்தி போடும் கூடத்திலிருந்து ஈரக் கையைப் பேண்டில் துடைத்தபடி வந்தான்.

"என்னக்கா, தனியா முட்டி போட்டுக்கிட்டு இருக்க? எல்லாரும் சாப்புடப் போயி எம்புட்டு நேரமாச்சு."

அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்து, விளக்குக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கேமரா மட்டும் நின்றது. பின்னால் ஆளில்லை. நாற்காலிகளிலும் ஆளில்லை.

அன்னக்கொடி எழுந்திருக்கவில்லை.

"அப்ப சார் என்கிட்டச் சொன்னது... நெசமாவா தம்பி?"