நாலு சிங்கம்

கவுன்சிலர் கஜபதி மனைவியை இழந்தவர், மகன்கள் நால்வர். பூந்தமல்லி டீக்கடையில் நாகப்பனைக் கண்டாலே அவருக்கு வாய் நமநமக்கும்.

“எனக்கு நாலும் சிங்கம். உனுக்கு இன்னா நாகப்பா, அஞ்சும் பொட்டைங்களா?”

“ஆணும் பொண்ணும் சரிசமமா இருக்கணுமே அண்ணாத்தே. நீ வுட்ட பாக்கியைத்தான் நான் பெத்துகீறேன்.”

அதே கஜபதி இன்று தாம்பூலத் தட்டோடு நாகப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

“உன் பெரிய பொண்ணு யுவராணியை என் மூத்தவனுக்குக் குடு. வரதட்சணையே வாணாம். இந்த வாரமே கல்யாணம்!”

நாகப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து யுவராணி வந்தாள்.

“அழாத நைனா. நம்ம வார்டைப் பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்க. எலெக்ஷன்ல நிறுத்த அவரு ஊட்ல ஒரு பொம்பளை இல்ல. நான் காலையிலயே மனு குடுத்துட்டேன்.”

கஜபதி பக்கம் திரும்பினாள்.

“போஸ்டர் ஒட்டத்தான் ஆளில்ல மாமா. அந்த நாலு சிங்கத்தையும் அனுப்புறீங்களா?”