பண்டிகைக்கு ஓர் ஏழை

"தோதுப்படாது ரைட்டரே. இன்னிக்கு மூணு ஊட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நாலாவது ஊட்டுக்கு வவுறு எங்க கீது?"

வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கையை விரித்தான் துலுக்கானம். எதிரே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார் அரிசி மண்டி ரைட்டர் இக்னேஷியஸ்.

"அப்படிச் சொல்லாதப்பா. வந்து ஒரு பிடி தின்னுட்டுப் போயேன். பேருக்குத்தான்."

"உன் ஊட்ல இன்னா சமையலு?"

"கோழிக் கொயம்பு."

"முட்டை உண்டா?"

"முட்டை போடறதைத்தானே அறுத்துட்டோம்!"

"அப்ப வேற ஆளைப் பாரு நைனா" என்று தகரக் குவளையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான் துலுக்கானம். பூவிருந்தவல்லிச் சந்தை வாசலில் பிச்சையெடுக்கும் அவனுக்கு அந்த முப்பத்தாறாம் வருஷத்துக் கிறிஸ்துமஸில் இருந்த கிராக்கி, கலெக்டர் துரைக்குக்கூட இருந்திருக்காது.

எல்லாம் மாதா கோயில் சாமியார் செய்த வேலை. மூன்று வாரத்துக்கு முன் பிரசங்கத்தில், "பாலன் பிறந்த நாளில் ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஏழையை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "போட்டவர்கள் பேரை அடுத்த ஞாயிறு பூசையில் வாசிப்பேன்" என்றும் சொல்லிவிட்டார். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சனம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

மறுநாளே ஊரில் ஏழைகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. கண் தெரியாதவர்கள் முதல் வாரத்திலேயே விலைபோய்விட்டார்கள். தேவராஜ் வீட்டார் ஒரு கிழவியைப் பண்டிகைக்கு நாலு நாள் முன்னதாகவே பிடித்துவந்து, வேறு யாரும் தட்டிக்கொண்டு போய்விடாதபடி மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருப்பதாகப் பேச்சு.

துலுக்கானமும் கைவிட்டதும் இக்னேஷியஸ் தெருத்தெருவாக ஏழை தேடி அலைந்தார். அத்தனை பேரையும் வாசித்துத் தம் பேர் மட்டும் விட்டுப்போனால், ஓர் ஆளுக்குச் சோறு போட வக்கில்லாதவன் என்றல்லவா ஊர் நினைக்கும்? அப்படி நினைக்கவிடக் கூடாது என்பதற்காகத்தான் பதினைந்து நாளாக வீடே கஞ்சி குடித்து அரிசி மிச்சம் பிடித்திருந்தது.

உச்சிவெயிலில், காட்டுப்பாக்கம் போகிற பாதையில்தான் அந்த மனிதர் கண்ணில் பட்டார். நாலு முழ வேட்டி, தோளில் ஒரு துண்டு, வெறுங்கால். குடிசை குடிசையாக எட்டிப் பார்த்துத் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தார். இக்னேஷியஸ் வாயைத் திறக்குமுன் அவரே கைகூப்பினார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க ஊட்ல ஒரு வேளை சோறு கிடைக்குமா?"

காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோணியாருக்கு அங்கேயே ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார் இக்னேஷியஸ். வேறு யாரும் பார்ப்பதற்குள் வந்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்த தம் கூரை வீட்டுக்குள் நுழைந்தார்.

வந்தவரை ஒரு பார்வை பார்த்த சகாயமேரி, புருஷனை அடுப்படிக்கு இழுத்தாள்.

"யோவ், அந்தாளு காலைப் பாத்தியா? கணுக்கால் வரைக்கும் கறுப்பாக் கீது. அதுக்குக் கீய கோடு போட்டமாதிரி வெளுத்துக் கீது. இன்னா வியாதியோ!"

"கத்தாதமே. வியாதிக்காரனுக்குப் போட்டா புண்ணியம் ரெண்டு பங்கு."

இருந்தாலும் அவருடைய இலையை நாலு முழம் தள்ளியே போட்டார். பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்ன சாமியார், எத்தனை முழத்துக்குள் என்று சொல்லவில்லையே.

வந்தவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தார். கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் மூன்றும் அவர் வாய்க்குள் போகும் ஒவ்வொரு கோழித் துண்டையும் கண்ணாலேயே வழியனுப்பின. அவர் கூரை ஓட்டையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. பாவம், சோற்றைக் கண்டு எத்தனை நாளோ என்று இக்னேஷியஸின் நெஞ்சு விம்மியது, தம்மை நினைத்து.

"கூச்சப்படாமத் தின்னுப்பா."

"எனக்கு இன்னாங்க கூச்சம்? நீங்களும் கூச்சப்படாதீங்க. ஆண்டவர் முன்னால நாம ரெண்டு பேரும் சமந்தானே."

இக்னேஷியஸுக்குச் சுருக்கென்றது. ஒரு கை சோறு உள்ளே போனதும் சமத்துவம் பேசுகிறானே! பண்டிகை நாளாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கை கழுவி வந்ததும், மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"உன் பேரு இன்னா, ஊரு இன்னா? ஏழைக்குச் சோறு போட்டவங்க பேரைக் கோயில்ல வாசிக்கப் போறாரு சாமியாரு. ஆள் யாருன்னு கேட்டா நான் சொல்லணுமே."

"கிறிஸ்துதாஸ். அம்பத்தூர்."

"அட, நீயும் நம்ம வேதமா!" என்று எழுதி முடித்தார் இக்னேஷியஸ்.

கிறிஸ்துதாஸ் தம் மடியிலிருந்து கறுப்புத்தோல் அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். அதன் முதுகில் செருகியிருந்த பேனாவின் மூடியைத் திருகினார்.

"உங்க பேரையும் சொல்லுங்கய்யா. பரம ஏழை ஊட்டைத் தேடிப் போயி, அருவருக்காம சாப்பிட்டவங்க பேரை எங்க கோயில்லயும் வாசிக்கிறாங்க."