கப்பல் தம்ளர்

தாராவிச் சந்துக்குள் காலை வெயில் ஒரு முழம்தான் இறங்குகிறது. அதுவும் நேராக அந்தப் பித்தளைத் தம்ளரில் விழுகிறது. பிச்சம்மாள் புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பச்சைக் களிம்பு கரைந்து பொன்னிறம் கிளம்புகிறது. பக்கத்து அறையில் தையல் மெஷின் கடகடக்கிறது. மகன் ஜெயகணேஷ் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆபீசோடு போன மாலத்தீவு டூரில், காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, எப்போதோ தன் மாலுமிகளோடு கடலில் மூழ்கிப்போன பழைய கப்பலுக்குள் நீந்தினான். எதையும் தொடக்கூடாது என்று கைகாட்டிய வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பியதும், மணலிலிருந்து உருவிய தம்ளர் அது.

“ஏல, இதைக் கடையிலயா வாங்குன?”

“ஆமாம்மா.” வாயில் உப்புக் கரிக்கிறது.

இன்று அமாவாசை. அவள் தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அவன் அப்பாவின் படத்துக்கு முன்னால் படையல் இலையோரமாக வைக்கிறாள்.

“ஒங்கப்பா எவர்சில்வர்லயே குடிச்சுக் காலத்தக் கழிச்சிட்டாவ. இதுல ஆசையாக் குடிப்பாவ. அடுத்த தடவ போனா இன்னொண்ணு வாங்கிட்டு வா. கும்பிடுல.”

ஊதுவத்தியின் கங்கு தண்ணீரில் நடுங்குகிறது. அவன் கைகூப்பிக் கண்ணை மூடுகிறான். அப்பாவின் முகம் வரவில்லை. இருட்டில், மணலைத் துழாவித் துழாவித் தம்ளரைத் தேடும் யாருடையதோ ஒரு கைதான் வருகிறது.