மறுக்கப்பட்ட கட்டணம்

பிற்பகல் வெயில் அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி நாற்காலிக் கால்வரை வந்துவிட்டது. வாடிக்கையாளரின் பாதித் தலைக்கு அவள் சாயம் பூசியிருக்கிறாள். மேசையில் கிடக்கும் கைபேசி மறுபடியும் அதிர்ந்து, சீப்புகளை உரசிக்கொண்டு நகர்கிறது. பதினான்கு வயது மகளின் இணையச் செலவுக்கென்று அவள் கைபேசியிலேயே உருவாக்கிக் கொடுத்த விர்ச்சுவல் கார்டிலிருந்து வந்த செய்தி அது. வரம்பைத் தாண்டினால் பணம் போகாது, அவளுக்குச் செய்தி மட்டும் வரும். பத்து நிமிடத்தில் இது நான்காவது செய்தி. நான்கும் ஒரே தொகை. ஏதோ விளையாட்டுக்குத்தான் கொட்டுகிறாள் என்று பல்லைக் கடித்தபடி கையுறையைக் கழற்றித் திரையைத் திறக்கிறாள். பேருந்து முன்பதிவு என்றிருக்கிறது. உடனே மகளை அழைக்கிறாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. "அப்பாகிட்ட. உன்கிட்ட கேட்டா விடமாட்டியே."

கணவர் பிரிந்து போய் எட்டு மாதமாகிறது. இந்தப் பேச்சு வீட்டில் எழும்போதெல்லாம் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இங்கே போக இடமில்லை.

"அக்கா, காதுல வழியுது," என்கிறார் வாடிக்கையாளர். துண்டால் ஒற்றிவிட்டு, மறுகையின் கட்டைவிரலால் கார்டின் வரம்பை உயர்த்துகிறாள்.

"தனியா போகாதே. ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் போடு. நானும் வரேன்."

"நிஜமாவா?" மகளின் குரல் துள்ளுகிறது. விசைகள் தட்டும் ஒலி வேகமாகக் கேட்டு, நின்றுபோகிறது.

"அம்மா, திரும்பி வர்றதுக்கு எத்தனை போடட்டும்? ரெண்டா, மூணா?"

அவள் தூரிகையைச் சாயத்தில் தோய்க்கிறாள். அது சொட்டச் சொட்டக் கையிலேயே நிற்கிறது.